அல்லாதாரும் பொல்லாதாரும்

மொழி பயில்வாரை இடறச் செய்வன பெருஞ்சொற்கள் அல்ல, சிற்றசைகளே. பெருஞ்சொல் எதிர்ப்படின் மாணாக்கன் அகராதியை நாடுகின்றான். சிற்றசை எதிர்ப்படினோ, 'இதனை அறியாதார் யார்?' என்று கடந்து செல்கின்றான். கடந்த இடத்திலேயே வீழ்கின்றான். அங்ஙனம் வீழ்ந்தாருள் யாமும் உளேம். ஆங்கிலச் சொற்களின் தலையில் அமர்ந்து, 'இல்லை' என்றும் 'அன்று' என்றும் பொருள் தரும் முன்னொட்டுக்களைப் பற்றி இம்மலரில் எழுதப் புகுந்தமைக்கு எம் வீழ்ச்சியே காரணமாம்.

நிகழ்ந்தது இது. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் ஒருநாள் மொழிபெயர்ப்புப் பயிற்சி நடந்தது. பசித்து வந்தவனை வாயிலினின்றும் துரத்துதல் ஓர் 'அன்-கிறிஸ்டியன்' செயல் என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடர் ஒன்று எம்மிடம் கொடுக்கப்பட்டது. யாம் சிறிதும் தயங்காது, 'பசித்து வந்தவனைத் துரத்துதல் கிறிஸ்தவரல்லாதார் செயல்' என்று எழுதி, எழுந்து நின்று படித்தோம். வகுப்பு ஒரு கணம் வாளாவிருந்தது. எம் பக்கத்திருக்கை நண்பர் சைவ மரபினர். சென்ற விடுமுறையில் யாம் அவர் ஊருக்குச் சென்றிருந்தோம். அன்று நண்பகலில் ஒரு வழிப்போக்கன் திண்ணையோரம் வந்து நின்றான். நண்பரின் அன்னையார் அவனுக்குச் சோறிட்ட பின்னரே எங்களுக்கு இலை போட்டார். அந்நண்பர் எம் பக்கம் சாய்ந்து, "ஏனப்பா, எங்கள் அம்மா போட்ட சோற்றை அதற்குள் மறந்துவிட்டாயா?" என்று மெல்லக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்; எமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசிரியர் எம்மைக் கடிந்திலர். "தம்பி, வடசொல்லின் முன் வரும் அகரத்துக்கு மூன்று பொருள் படித்தாயே, அதை ஏன் இங்கே கொண்டு வரவில்லை?" என்றார். அவ்வொரு வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

இலக்கண வகுப்பில் யாம் ஓதியது இது: வடசொற்களின் முன்னின்று மறுக்கும் அகரம் இன்மை, அன்மை, மறுதலை என மூவகைப் பொருள் தரும். 'அரூபம்' என்பது உருவம் இல்லாமை, ஆதலின் இன்மை. 'அப்பிராமணன்' என்பது பிராமணன் அல்லாத பிறன், ஆதலின் அன்மை. 'அதர்மம்' என்பதோ அறம் இல்லாமை மட்டுமன்று, அறத்திற்கு நேரெதிராகிய தீவினை, ஆதலின் மறுதலை. எழுத்து ஒன்று, பொருள் மூன்று. இன்மை வெற்றிடத்தைக் காட்டும். அன்மை வேற்றிடத்தைக் காட்டும். மறுதலை எதிரிடத்தைக் காட்டும்.

ஆங்கிலச் சொல்லை அளக்க இவ்வளவுகோல் பொருந்துமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். நன்கு பொருந்தும். என்னை? ஆங்கிலத்துக்குப் பழைய காலந்தொட்டே உரிய 'அன்' என்பதும், இலத்தீனினின்றும் வந்த 'இன்' என்பதும், கிரேக்கத்தினின்றும் வந்த 'ஏ' என்பதும், வடமொழி அகரமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது மொழிநூலார் துணிபு. உடன்பிறந்தாருள் ஒருவனுக்குத் தைத்த சட்டை மற்றவனுக்கும் ஒருவாறு பொருந்துதல் வியப்பன்று. இவரோடு 'டிஸ்', 'நான்' என்னும் இருவர் இலத்தீனினின்றும் பிரெஞ்சு மொழி வழியே வந்து குடியேறினர்.

இவற்றுள் 'இன்' என்பதன் நடையைக் காணின் நன்னூல் பயின்றார் மகிழ்வர். அது வருமொழி முதலெழுத்துக்கு ஏற்பத் திரியும். பகரத்தின் முன் 'இம்' ஆகி 'இம்பாசிபிள்' என வரும். லகரத்தின் முன் 'இல்' ஆகி 'இல்லீகல்' என வரும். ரகரத்தின் முன் 'இர்' ஆகி 'இர்ரெகுலர்' என வரும். மகரவீறு ககரத்தின் முன் ஙகரமாய்த் திரிந்து 'மரங்கள்' என்றாதலை அறிந்த நமக்கு இது புதிதன்று. சிற்சில இடங்களில் 'அன்', 'இன்' இரண்டும் பொருள் வேறுபாடின்றி ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்பதும் உண்டு. 1776-ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலை அறிக்கையில் 'பிறர் பறிக்கவொண்ணாத' உரிமைகளைக் குறிக்கும் சொல், ஜெபர்ஸனது வரைவில் 'இன்' பெற்றும், வெளிவந்த அறிக்கையில் 'அன்' பெற்றும் நின்றது. உரிமை ஒன்றே; முன்னொட்டு மாறிற்று. ஆகவே முன்னொட்டின் உருவைக் கண்ட அளவில் பொருளைத் துணிதல் கூடாது என்க.

இனி மூவகையையும் முறையே காண்போம்.

முதலாவது இன்மை. 'ஏமாரல்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. கிரேக்க முன்னொட்டை இலத்தீன் சொல்லின் தலையில் ஏற்றி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் ஆக்கிக்கொண்ட கலப்புச் சொல் அது. அதற்கு முன்னரே 'இம்மாரல்' என்ற சொல் இருக்கவும் மற்றொன்று எதற்கு? 'இம்மாரல்' என்பது அறமறிந்தும் அதனைக் கடந்தவனைக் குறிக்கும், அது மறுதலை. 'ஏமாரல்' என்பது அறமறம் என்னும் பாகுபாடே சென்று பற்றாததைக் குறிக்கும், அது இன்மை. ஆட்டைக் கொன்ற புலியைக் கொலைக்குற்றவாளி என்பார் உண்டோ? புயலும் வெள்ளமும் பழிக்கு உரியனவோ? பழிக்க இயலாதவற்றைப் பழியாது விடுவதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது, அதனை ஆக்கினர். ஒரு முன்னொட்டுப் போதாமற் போன இடத்தில் மற்றொன்றைத் தேடிய அறிஞரின் நேர்மையை அச்சொல்லிற் காண்கின்றோம்.

இரண்டாவது அன்மை. இதற்குச் சிறந்த கருவி 'நான்' என்னும் முன்னொட்டு. தமிழில் 'நான்' என்பது தன்னையே சுட்டும். ஆங்கில 'நான்' என்பதோ தன்னல்லாத பிறவற்றைச் சுட்டும்! உணவு விடுதிப் பலகையிலே 'நான்-வெஜிடேரியன்' என்று எழுதியிருப்பதை நாள்தோறும் காண்கின்றோம். அதில் இகழ்ச்சி இல்லை, புகழ்ச்சியும் இல்லை, ஒரு வேலிக்கு அப்பாலுள்ளது என்ற அறிவிப்பே உண்டு. 'நான்' என்பது வேலியைக் காட்டும். வேலிக்கு அப்பால் நிற்பவன் நல்லனோ தீயனோ என்று அது சொல்லாது. சொல்லும் உரிமையும் அதற்கு இல்லை.

இவ்வேலையை 'அன்' என்பது செய்யின் நகையே விளையும். லூயிஸ் கரோல் என்பார் 1871-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கண்ணாடிக்குள் ஆலிஸ்' கதையில் இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. முட்டை வடிவினனாகிய ஹம்டி டம்டி தனக்குப் பிறந்தநாள் அல்லாத நாளில் பரிசு கிடைத்ததாகப் பெருமை பேசுகின்றான். ஆண்டில் ஒரே நாள்தான் பிறந்தநாள். மற்றை 364 நாளும் 'அன்-பர்த்டே' என்பது அவன் கணக்கு. 'நான்' நிற்கவேண்டிய இடத்தில் 'அன்' நின்றது, சிறுவரும் சிரித்தனர். பிறந்தநாள் அல்லாத நாள் பிறந்தநாளுக்குப் பகைநாள் அன்று என்பதைக் குழவியும் அறியும். மனிதரைப் பற்றிப் பேசும்போது மட்டும் முதியோரும் அதனை மறந்துவிடுகின்றனர்.

மூன்றாவது மறுதலை. 'அன்-கைண்டு' என்பது அன்பு இல்லாமை மட்டும் அன்று, கொடுமை. 'டிஸ்-ஆனர்' என்பது மானம் இல்லாமை அன்று. உள்ள மானத்தைக் குலைத்தல். மறுதலைக்கு ஓர் இயல்பு உண்டு: அது தன் இனத்துள்ளேயே தோன்றும். கல்லும் மரமும் மனிதர் அல்லாதவை; அவை 'நான்-ஹியூமன்'. ஆயினும் ஒரு கல்லை 'இன்-ஹியூமன்' என்று எவரும் ஏசார். மனிதத்தன்மைக்கு மாறாக நடக்கும் ஆற்றல் மனிதனுக்கே உண்டு. அவ்வாறே 'அன்-கிறிஸ்டியன்' என்னும் பழிச்சொல் முதற்கண் சாரவேண்டியது கிறிஸ்தவர்களாகிய எம்மையே. எம் நண்பரின் அன்னையார் அல்லாதார். வாயிலை அடைத்தவன் பொல்லாதான். அல்லாதாரைப் பொல்லாதார் என்று எழுதியதே யாம் செய்த பிழை. எரிகோவுக்குப் போகும் வழியிலே குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிச் சென்றோர் ஆசாரியனும் லேவியனும். அருகணைந்து காயங்கட்டியவனோ சமாரியன். அவ்வுவமையைச் சிறு வயது முதல் ஞாயிறு பள்ளியிற் கேட்டு வளர்ந்த யாம், ஒரு முன்னொட்டை மொழிபெயர்க்கும்போது அதனை மறந்தோம். அன்மையுடையான் அன்பு செய்தான். உள்ளிருந்தோர் மறுதலை செய்தனர் என்பதன்றோ அதன் பொருள்?

அன்மையும் மறுதலையும் இருவேறு செயலாதலை நம் நாட்டு வரலாற்றிலும் காணலாம். 1920-ஆம் ஆண்டில் காந்தியடிகள் தொடங்கியது 'நான்-கோஆப்பரேஷன்'. பட்டங்களைத் துறத்தல், நீதிமன்றத்தையும் அரசினர் கல்விக்கூடத்தையும் விட்டு விலகுதல் முதலியன அதன் முறை. அஃதாவது, 'உம்மோடு சேர்ந்து செய்யேம்' என்று வேலிக்கு அப்பால் நிற்றல். 1930-ஆம் ஆண்டில் அவர் தொடங்கியதோ 'டிஸ்-ஒபீடியன்ஸ்'. சபர்மதியினின்றும் தண்டிக்கு நடந்து சென்று உப்புச் சட்டத்தை வெளிப்படையாக மீறினார். தமிழகத்தில் இராஜாஜி தலைமையிலே திருச்சிராப்பள்ளியினின்றும் வேதாரணியத்துக்குத் தொண்டர் நடந்தனர். முன்னது விலகல், பின்னது மீறல். தமிழர் முன்னதை 'ஒத்துழையாமை' என்றும் பின்னதைச் 'சட்டமறுப்பு' என்றும் வேறுபடுத்தி வழங்கினர். இரண்டையும் எதிர்மறை என்ற ஒரே பையில் இட்டுக் கட்டாத அம்மொழிபெயர்ப்பாளரை வணங்குகின்றோம்.

இம்மூன்றனுள் அடங்காத நான்காவது பொருள் ஒன்றும் ஆங்கிலத்தில் உண்டு. அதனை 'நீக்கம்' எனப் பெயரிட்டு வழங்குவோம். வினைச்சொல்லின் முன் 'அன்' வரின் அது பெரும்பாலும் வினையை மறுப்பதன்று. செய்த வினையைத் திருப்பி அவிழ்ப்பதாம். 'அன்-டை' என்றால் கட்டாதிருத்தல் அன்று, கட்டியதை அவிழ்த்தல். பழைய ஆங்கிலத்தில் இது வேறொரு முன்னொட்டாக இருந்து, பின்னர் உருவம் ஒன்றுபட்டது. இருவரும் ஒரே வீட்டிற் குடியிருத்தலால் மயக்கம் நேர்வதும் உண்டு. 'அன்லாக்கபிள்' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பூட்ட இயலாதது எனினும் பொருந்தும். பூட்டைத் திறக்க இயல்வது எனினும் பொருந்தும். பிரிக்கும் இடம் மாறின் பொருளும் மாறும். செம்மொழிச் சிலேடைக்கு நிகரான சொல் இது. 'அன்பிரெண்டு' என்னும் சொல்லின் வாழ்வு இன்னும் வியப்பானது. இடைக்கால ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல்லாய்ப் பகைவனைக் குறித்தது. நெடுங்காலம் மறைந்தாற்போலிருந்து, கணினி வலைத்தளங்களில் நட்புப் பட்டியலினின்றும் ஒருவர் பெயரை நீக்குதல் என்னும் வினைப்பொருளில் மீண்டும் எழுந்து, 2009-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதியாரால் அவ்வாண்டின் சொல்லாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. அன்று மறுதலை, இன்று நீக்கம்.

எதிர்மறை வேடம் பூண்டு திரியும் போலிகளும் சில உள. பெட்ரோல் ஏற்றிச் செல்லும் லாரியின் பின்புறம் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பதைக் காண்கின்றோம். அங்கே 'இன்' என்பது மறுப்பு அன்று. 'உள்' என்னும் பொருளுடைய வேறொரு இலத்தீன் முன்னொட்டு. எளிதில் தீப்பற்றுவது என்பதே பொருள். 'தீப்பற்றாதது' என்று பொருள் கொண்டு அருகே சுருட்டுப் பற்றவைப்பவன் இலக்கணப் பிழைக்கு உயிரையே விலையாகக் கொடுப்பான். இவ்விடர் கருதியே மேனாட்டார் 20-ஆம் நூற்றாண்டில் 'ஃபிளேமபிள்' என்னும் வடிவை எச்சரிக்கைப் பலகைகளுக்கு மேற்கொண்டனர். 'இன்வேல்யுவபிள்' என்பதிலோ மறுப்பு உண்டு. ஆயினும் அது மதிப்பற்றது என்னாது, மதிப்பிட்டு முடியாத அளவு உயர்ந்தது என்னும். 'இன்ஃபேமஸ்' என்பவன் புகழில்லாதவன் அல்லன்; ஊரறிந்த இகழுடையவன்.

இவையெல்லாம் தேர்வுக்குப் பயன்படும் நுணுக்கங்களே அன்றி வாழ்வுக்கு யாது பயன் என்று வினவலாம். பயன் உண்டு. ஏனெனில் மனித உள்ளத்துக்கு ஒரு தீய வழக்கம் உண்டு: அன்மையைக் கண்ட இடத்தில் மறுதலையைக் கற்பித்துக்கொள்ளுதல். சொற்களின் வரலாறே இதற்குச் சான்று. 'எனிமி' என்னும் சொல்லில் ஒரு முன்னொட்டு மறைந்து கிடக்கின்றது. அதன் மூலமாகிய இலத்தீன் சொல், நண்பன் என்னும் பொருளுடைய 'அமிகஸ்' என்பதன் முன் 'இன்' சேர்ந்து ஆயது. நண்பன் அல்லாதான் என்று பிறந்த சொல் பகைவன் என்று முடிந்தது! நண்பனுமல்லாது பகைவனுமல்லாது இவ்வுலகில் வாழும் எண்ணற்ற மாந்தருக்கு அச்சொல்லில் இடமே இல்லை. 'அன்கூத்' என்னும் சொல்லும் அத்தகையது. பழைய ஆங்கிலத்தில் 'அறியப்படாத' என்பதே அதன் பொருள். இற்றை நாளில் 'நாகரிகமற்ற, முரட்டுத்தனமான' என்பது பொருள். முன்பின் அறியாதவனை முரடன் என்று துணிந்த மாந்தரின் அச்சம், அச்சொல்லில் உறைந்து கிடக்கின்றது.

சொல்லின் பிழை அரசின் கருவியாதலும் உண்டு. அமெரிக்க நாட்டின் பிரதிநிதிகள் சபை 1938-ஆம் ஆண்டில் 'அன்-அமெரிக்கன்' செயல்களை ஆராய்தற்கு ஒரு குழுவை அமைத்தது. அயல்நாட்டானை 'நான்-அமெரிக்கன்' எனலாம். அமெரிக்க மண்ணிற் பிறந்து அந்நாட்டுச் சட்டத்துக்கு அடங்கி வாழும் குடிமகனை 'அன்-அமெரிக்கன்' என்று எவ்வாறு அளப்பது? எக்குற்றமும் செய்யாதவனையும் அம்முன்னொட்டால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். 1947-ஆம் ஆண்டில் அக்குழுவின் முன் நிறுத்தப்பட்ட திரைப்படத்துறையினருள் பதின்மர் அதன் கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்து, சபையை அவமதித்த குற்றத்திற்காகப் பின்னர்ச் சிறை சென்றனர். குழுவின் பெயர் 1969-இல் மாற்றப்பட்டது. 1975-இல் குழுவே ஒழிந்தது. மாற்றுக் கருத்து உடையவனை மாற்றான் என்று எண்ணும் மனப்பான்மை அக்குழுவோடு ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை.

நம் நாட்டினரைச் சுட்டிய 'அன்டச்சபிள்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் இவ்வளவுகோலால் அளக்கக் கடமைப்பட்டுள்ளோம். 'அன்' முன்னும் 'அபிள்' பின்னும் வரும் சொற்கள் பொதுவாக ஒரு பொருளின் இயல்பைக் கூறுவன. உடைக்க இயலாத கலம், பொறுக்க இயலாத நோவு என்பன போல. 'அன்டச்சபிள்' என்புழி இயலாமை எங்கே உள்ளது? தொட இயலாதபடி அம்மனிதரிடம் நெருப்பு உண்டோ? முள் உண்டோ? தொடமாட்டேன் என்று முடிவு செய்தவன் ஒருவன்; அம்முடிவின் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டவன் மற்றொருவன். செய்தவனது குற்றத்தைச் செய்யப்பட்டவனது இயல்பாக மாற்றிவிட்டது அச்சொல். தமிழிலும் 'தீண்டத்தகாதார்' என்று அவ்வாறே கூறிய கொடுமை இருந்தது. ஆயினும் 'தீண்டாமை' என்னும் தமிழ்ச்சொல்லின் அமைப்பு உண்மையைக் காட்டிக் கொடுக்கின்றது. திருக்குறளில் 'கல்லாமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. கல்லாமை யாருடைய குறை? கல்லாதவனுடைய குறை. அங்ஙனமே தீண்டாமை யாருடைய குறை? தீண்டாதவனுடைய குறை! ஆங்கிலம் முன்னொட்டால் பிறன்மேல் ஏற்றிய பழியைத் தமிழ் வினையின் ஈற்றிலே வைத்துச் செய்தவன் மேலேயே நிறுத்துகின்றது. 1950-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு இக்கொடுமையை ஒழித்தது. அப்பிரிவின் ஆங்கில மூலத்தில் அச்சொல் மேற்கோட்குறிகளுக்குள் வைத்து அச்சிடப்பட்டுள்ளது. தம்முடையதல்லாத ஒரு சொல்லை வேறு வழியின்றி எடுத்தாள்வார் போன்று அதனைக் குறிக்குள் அடைத்த அக்கோலம் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. சட்டத்தில் ஒழிந்தது தெருவிலும் மனத்திலும் முற்றும் ஒழிந்ததோ என்பதை ஒவ்வொருவரும் தத்தம் ஊரை நினைத்து விடை காண்க.

இதற்கு ஒரு தடை எழுப்புவார் உளர். 'சொற்பொருளை வழக்கே முடிவு செய்யும். ஆங்கிலேயரே இவற்றை மயங்க வழங்குகின்றனர். நீவிர் ஏன் வருந்துகின்றீர்?' என்பர். வழக்கு மாறும் என்பது மெய்யே. 'டிஸ்இன்டரஸ்டட்', 'அன்இன்டரஸ்டட்' என்னும் இரண்டையும் காண்க. இற்றை நாளில் முன்னது தன்னலப் பற்றின்றி நடுநிற்றலையும், பின்னது ஈடுபாடின்மையையும் குறிக்கும் என ஆசிரியர் கற்பிப்பர். 17-ஆம் நூற்றாண்டிலோ இவை இடம் மாறியும் வழங்கின. சொற்கள் இடம் மாறினும், சுட்டப்படும் இரண்டு பொருள்களும் ஒன்றாகிவிடா. வழக்கு மன்றத்தில் நமக்கு வேண்டியவர் பற்றற்ற நீதிபதி. 'ஆர்வமற்ற நீதிபதி' என்று எம் வகுப்பில் ஒருவர் மொழிபெயர்த்தபோது, மேடையிலே உறங்கும் ஒருவரே எம் கண்முன் தோன்றினார்! எந்தச் சொல்லால் சுட்டினும் நடுவுநிலைமை வேறு, உறக்கம் வேறு.

வேற்றுமையைச் சுட்டும் சொற்களே அற்றுப்போயின் யாது நேரும்? ஜார்ஜ் ஆர்வெல் 1949-ஆம் ஆண்டில் வெளியிட்ட '1984' என்னும் புதினத்தில் அதனைக் காட்டினார். அதில் வரும் கொடுங்கோலரசு ஒரு புதுமொழியை ஆக்குகின்றது. 'நன்று' என்பதற்கு ஒரு சொல் இருக்கத் 'தீது' என்பதற்குத் தனிச்சொல் எதற்கு? 'அன்' சேர்த்து 'அன்குட்' என்றால் போதுமே என்பது அவ்வரசின் வாதம். சொற்கள் குறையக் குறைய எண்ணமும் குறையும். எண்ணம் குறையின் எதிர்ப்பும் குறையும். தீமையைத் தீமை என்று சொல்ல நாவில் சொல் இல்லாதவன் அதனை நெஞ்சிலும் உணரான். இது கதையே எனினும், பள்ளியில் நாம் எழுதிய பயிற்சியை நினைவூட்டவில்லையோ? 'கீழ்க்காணும் சொற்களுக்கு முன்னொட்டுச் சேர்த்து எதிர்ச்சொல் எழுதுக' என்று வினாத்தாள் கேட்கும். 'அன்' 'இன்' 'டிஸ்' என்று ஒட்டி எழுதி மதிப்பெண் பெற்றோம். ஒட்டியபின் பிறந்தது இன்மையோ, அன்மையோ, மறுதலையோ, நீக்கமோ என்று எவரும் எம்மைக் கேட்டிலர், யாமும் கேட்டிலேம். எல்லாம் 'எதிர்ச்சொல்' என்றே கற்றோம். அல்லாதவை எல்லாம் எதிரானவை என்னும் பாடத்தை நம் பத்தாம் வயதிலேயே அறியாமல் கற்றுவிட்டோம்!

ஆகவே எம் கருத்து இது. முன்னொட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் 'எதிர்ச்சொல் யாது?' என்று வினவுவதோடு நில்லாது, 'எவ்வகை எதிர்மறை?' என்றும் வினவுதல் வேண்டும். மொழிபெயர்க்கும் மாணாக்கர் 'அற்ற', 'இல்லாத' என்பவற்றை எல்லாச் சொற்கும் ஒரே பூச்சாகப் பூசாது, இடம் நோக்கி 'அல்லாத' என்றோ, 'மாறான' என்றோ, 'நீக்கிய' என்றோ எழுதுதல் வேண்டும். 'அன்-கிறிஸ்டியன்' என்பதற்குக் 'கிறிஸ்துவின் நெறிக்கு மாறான' என்று எழுதியிருப்பின் எம் நண்பரின் அன்னையார்க்கு இழுக்கு நேர்ந்திராது. எம் தலைமேல் நிற்கவேண்டிய பழி எம் தலைமேலேயே நின்றிருக்கும்.

நம் நாட்டுப் பேச்சிலே ஓர் அழகிய வழக்கு உண்டு. 'நலமா?' என்று கேட்டால், 'பரவாயில்லை' என்பர். நலம் என்றும் சொல்லவில்லை. நலமின்மை என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் அகன்ற வெளி இருத்தலை அச்சொல் அறியும். மனிதருள் பெரும்பாலோர் அவ்வெளியில் வாழ்வோரே. அவருள் நம்மவர் அல்லாதார் பலர். நமக்குப் பொல்லாதார் அவருள் யாவர் என்பதைச் செயலைக் கண்ட பின்னரே சொல்லலாம். முன்னொட்டைக் கொண்டு சொல்லலாகாது.

அன்று மாலை யாம் அம்மொழிபெயர்ப்பைத் திருத்தி எழுதி நண்பரிடம் காட்டினோம். அவர் படித்துப் பார்த்து, "இப்போது சரி. பொங்கலுக்கு ஊருக்கு வா, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்" என்றார். சென்று வந்தோம். வாயிற்கதவு திறந்தே இருந்தது.